மாங்காய் வெட்டிய கத்தியும் அதன் பின் வந்த நான்கும்: மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு கிளிமூக்கு மாங்காய். மலையேறப் போகும்போது பழம் நறுக்க ஆகும் என்று வாங்கி வைத்திருந்த ஒப்பினெல் 8ஆம் நம்பர் கத்தியால் மொட்டை மாடியில் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, கத்தியைத் துடைக்காமல் அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்த அலகு மயில்கழுத்து நீலமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக மாறியிருந்தது. போச்சு, காசு தண்டம் என்று நண்பனுக்குப் போட்டோ அனுப்பினால், "டேய், இந்தக் கலர் வரணும்னு ஆளுங்க கடுகு சாஸ் எல்லாம் தடவி வச்சுக் காத்துக் கிடக்கிறாங்க, உனக்கு ஓசியில வந்திருக்கு" என்றான். அன்றைக்கு இரவு மூன்று மணி வரை நான் தூங்கவில்லை, கத்திகளைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் அசிங்கமான கதை. முதல் வருடத்தில் ஏழு கத்தி வாங்கினேன். ஏழும் கறுப்புக் கைப்பிடி, ஏழும் ஒரே அளவு, ஏழிலும் ஒரே மாதிரி பூட்டு. ஒருநாள் டிராயரைத் திறந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒரே கத்தியை ஏழு தடவை வாங்கியிருக்கிறேன் என்று புரிந்தது. இரும்பின் பெயரைப் பார்த்து வாங்கியதன் விளைவு அது. அட்டவணையில் இது அதைவிட இரண்டு புள்ளி உசத்தி என்று போட்டிருந்தால் போதும், கை தானாக ஆர்டர் போட்டுவிடும்.

ஆகவே புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: இரும்பையும் பிராண்டையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாங்குங்கள். திறந்து நிற்கும் அலகு, வெட்டும்போது உங்கள் விரல்மேல் மடங்கி விழாமல் எது தடுக்கிறது? இந்தக் கேள்விக்கு உலகத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். பதிலுக்கு ஒரு கத்தி வீதம் ஐந்து வாங்கினால் மடக்குக் கத்தியின் வரலாறே கையில் இருக்கும். ஒன்றை வாங்கி, இரண்டு மாதமாவது அதைப் புழங்கி, ஒரு தடவையாவது நீங்களே தீட்டிய பிறகுதான் அடுத்தது. இந்த ஒரு விதியை மீறாவிட்டால் வீட்டில் சண்டை வராது.

முதலில் சுவிஸ் கத்தி

எல்லாரும் பார்த்ததுதான், சிலருக்கு அலட்சியமாகக்கூட இருக்கும். ஆனால் ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இதில் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும், திறந்தால் டக்கென்று நிற்கும், கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கும். நம் ஊரில் பேனாக்கத்தி என்று சொல்லிக்கொண்டு வந்தது பெரும்பாலும் இந்த வகைதான். இந்த வகைக்கு ஸ்லிப்ஜாயின்ட் என்று பெயர்.

கார்ல் எல்செனர் 1884இல் ஸ்விட்சர்லாந்தின் இபாக் என்ற சிற்றூரில் பட்டறை போட்டார். அப்போது சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கிக்கு மாறியிருந்தது, அதைக் கழற்றி மாட்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டும், டப்பா உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும், இரண்டும் வெட்டும் கத்தியோடு சேர்ந்து ஒன்றாக இருந்தால் நல்லது. சிப்பாய்க்கான கத்தி இப்படித்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தது, சுவிஸ் பட்டறைகளால் அத்தனை கத்தி செய்ய முடியவில்லை. 1891இல் எல்செனர் தரப்பு தானே செய்து கொடுக்க ஆரம்பித்தது. தக்கை திருகி எல்லாம் வைத்த அதிகாரிகள் கத்தியை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். நாம் சிவப்புக் கைப்பிடியோடு பார்ப்பது அதன் பிள்ளைகளை. 1909இல் அம்மா இறந்த பிறகு அவர் பெயரான விக்டோரியாவையே கம்பெனிக்கு வைத்தார், 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் அதோடு ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது.

எதை வாங்குவது? முப்பது கருவி வைத்த செங்கல் வேண்டாம். அலுமினியக் கைப்பிடி போட்ட 93 மி.மீ. பயனீர் போதும். அதில் ருசி கண்டுவிட்டால், 1961 முதல் 2008 வரை சுவிஸ் படைக்குக் கொடுக்கப்பட்ட பழைய சிப்பாய்க் கத்தியைத் தேடலாம். அதன் அலகின் அடியில் தயாரித்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். தன் பிறந்த வருடத்துக் கத்தியைத் தேட ஆரம்பித்த ஒருவர்கூட அதோடு நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. அப்புறம் மனைவிக்கு, அப்புறம் பிள்ளைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும், எச்சரிக்கை.

இதில் ஒரு பாடமும் உண்டு. இந்த வகைக் கத்தியின் முனையால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள். குத்தும் விசை திரும்பி அலகை மடக்கும், அந்த வழியில் உங்கள் ஆள்காட்டி விரல் இருக்கும். என் விரலில் இப்போதும் கோடு இருக்கிறது, பெல்ட்டில் ஓட்டை போடப் போனதன் நினைவாக.

ஒப்பினெல், அதாவது என் மாங்காய்

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் கோடரியும் அரிவாளும் அடிக்கிற குடும்பம். அதில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல், 18 வயதில், விவசாயிகளுக்காக ஒரு சாதா மடக்குக் கத்தியைச் செய்தார். ஒரு மரக்கட்டை, அதில் ஒரு பிளவு, ஒரு அலகு, ஒரு ரிவெட், அதைச் சுற்றி ஒரு உலோகப் பட்டை, அவ்வளவுதான். 1897இல் 1 முதல் 12 வரை அளவு வாரியாக நம்பர் போட்டார். 1935இல் 1ஆம் நம்பரையும் 11ஆம் நம்பரையும் நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்றைய வரிசையில் 10க்கு அடுத்தது 12. பூட்டு வந்தது வெகுகாலம் கழித்து, 1955இல்: பட்டைக்கு மேல் சுழலும் இன்னொரு வளையம். அதைத் திருப்பினால் அலகின் அடியை மறித்துக்கொண்டு நிற்கும். இதற்கு வீரோப்ளாக் என்று பெயர், 6ஆம் நம்பரிலிருந்துதான் இருக்கும். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தாலும், வளையத்தைத் திருப்ப நீங்கள் மறக்காதவரை நம்பலாம்.

8ஆம் நம்பர் வாங்குங்கள், அலகு எட்டரை செ.மீ., கைக்குப் பாந்தமாக இருக்கும். கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் வருகிறது. எல்லாரும் ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொல்வார்கள், நான் கார்பன் என்பேன். காரணம் அந்த மாங்காய் நிறம்தான். பாட்டி வீட்டு அரிவாள்மனை வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கி நறுக்கிக் கறுத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? அதே சமாசாரம். புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து மேலே மெல்லிய கறுப்புப் படலம் உண்டாகிறது, அது சிவப்புத் துருவை ஓரளவு தள்ளிப் போடும். சேர்ப்பவர்கள் இதை பாட்டினா என்பார்கள். உங்கள் கத்தியில் என்ன நிறம் எங்கே வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே இரண்டே மாதத்தில் அது கடைக்கத்தியாக இல்லாமல் உங்கள் கத்தியாகிவிடும். ஒரு குறை, முதல் சில வாரம் நறுக்கும் பழத்தில் லேசாக இரும்பு வாடை அடிக்கும்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கைப்பிடி மரம், மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், அலகு பிளவில் மாட்டிக்கொண்டு நகத்தைப் பெயர்த்தாலும் வெளியே வராது. சவாய்க்காரர்கள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் பின்குதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு தானாகக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு திறந்தபடியே இரண்டு நாள் ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

பென்சில் சீவ ஒரு ஹிகோனோகாமி

நாமெல்லாம் ஷேவிங் பிளேடைப் பாதியாக உடைத்துப் பென்சில் சீவியவர்கள். ஜப்பானில் அந்த வேலையை ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தது இந்தக் கத்தி. ஹ்யோகோ மாகாணத்தின் மிகி ஊரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. மடித்த தகடே கைப்பிடி, ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை. அலகின் பின்னால் வால் மாதிரி ஒரு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு சிகிரி என்று பெயர். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வெட்ட வேண்டும், அதாவது பூட்டு உங்கள் கட்டைவிரல்தான். 1960 வாக்கில் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்று அங்கே ஓர் இயக்கமே நடந்தது, அதோடு பள்ளிப் பைகளிலிருந்து காணாமல் போனது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, இன்றைக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமை நாகாவோ கானேகோமா பட்டறை ஒன்றிடம்தான் இருக்கிறது. அதே மாதிரி தோற்றத்தில் வருகிற மற்றவை எல்லாம் சாயல்கள்.

விலை குறைவு, இரும்பு கடினம், வசதி கிடையாது. ஆனால் கூர் என்றால் என்ன என்று கைக்குக் கற்றுக்கொடுப்பது இதுதான். வெளியே மிருதுவான இரும்பு, நடுவில் கடின எஃகு என்று போளிக்குள் பூரணம் மாதிரி வைத்துச் செய்யும் ரகமும் இதில் உண்டு, அதையே வாங்குங்கள். நான் பென்சில் சீவுவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறேன். எழுதுவதற்குப் பென்சிலே தேவைப்படாத காலத்தில் இது என்ன கூத்து என்று வீட்டில் கேட்கிறார்கள், பதில் இல்லை.

இனி இரண்டு பூட்டு

பக் 110ஐ ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. 1964இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. வேட்டைக்காரர்கள் இடுப்பில் உறைக்கத்தி தொங்கவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதே உறுதியை மடக்கிப் பெல்ட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டிய கத்தி. பித்தளை முனைகள், கருமையான மரம், 200 கிராம் கனம், பேன்ட் பையில் போட்டால் பேன்ட் இறங்கும். முதுகில் ஒரு கம்பி, அதன் கொக்கி அலகின் வெட்டில் விழும்போது வரும் சத்தம் பழைய காட்ரெஜ் பீரோ கதவு மூடுகிற மாதிரி இருக்கும். முதுகின் பின்பகுதியை அழுத்தினால் விடுவிக்கும். இதற்கு லாக்பேக் என்று பெயர். இந்த ஏற்பாட்டைப் பக் கண்டுபிடிக்கவில்லை, பிரபலமாக்கியது பக்.

இதன் தோல் உறையிலேயே கத்தியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்தும் ரசாயனமும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சை பூத்துவிடும், கோயில் விளக்கு தேய்ப்பது போல் உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான்.

ஐந்தாவது, லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பாதி வளைந்து வந்து அலகின் பின்னால் முட்டுக்கொடுக்கும். அமெரிக்கப் படையின் தொலைத்தொடர்புப் பிரிவு எலக்ட்ரீஷியன்களின் டிஎல்-29 கத்தியிலேயே இதன் பழைய வடிவம் உண்டு, 1980களில் மைக்கேல் வாக்கர் என்பவர் இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பைடர்கோ கம்பெனி 1981இல் வெளியிட்ட வொர்க்கர் கத்தியில் அலகில் ஒரு வட்ட ஓட்டையும் பையில் மாட்டும் கிளிப்பும் வந்தன, ஒரு கையால் திறக்கிற நவீனக் கத்திகள் எல்லாம் அதற்குக் கடன்பட்டவை. லைனர் லாக்கில் மாடல்கள் கொட்டிக் கிடக்கின்றன, சீனக் கம்பெனிகள் நல்ல விலையில் நன்றாகவே செய்கின்றன, ஏதாவது ஒன்று. ஒன்று! என் ஏழு கறுப்புக் கத்தியும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவைதான்.

வந்த கத்தியைப் பார்ப்பது எப்படி

பெட்டியைப் பிரித்ததும் மடக்கிய நிலையில் மேலிருந்து பாருங்கள், அலகு கைப்பிடியின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா. திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடம் வலம், மேல் கீழ் அசைத்துப் பாருங்கள். பல்லாடுகிற மாதிரி ஆடினால் திருப்பி அனுப்பலாம். பூட்டைச் சோதிக்க விரலை வழியில் வைக்காமல், அலகின் முதுகை மேசையில் லேசாகத் தட்டினால் போதும், ஆணி அடிக்கிற மாதிரி அடித்தால் எந்தப் பூட்டும் கெடும்.

போலிகள் நிறைய. அதைவிடக் குழப்பம் லாகியோல் என்ற பெயர். அது பிரான்சில் ஓர் ஊரின் பெயர், கத்தியின் பாணிக்கும் அதுவே பெயர், பல காலமாக யார் வேண்டுமானாலும் அதைக் குத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதுகில் ஈ பொம்மை இருக்கிறது, லாகியோல் என்று எழுதியிருக்கிறது என்பதற்காகக் காசு கொடுக்காதீர்கள். எந்தப் பட்டறை செய்தது என்று தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

பழைய கத்தி வேண்டும் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தாத்தாவின் மேசை டிராயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த பேனாக்கத்திகள் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியா முழுக்க ஓடின, குறிப்பாக ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியுடையவை. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் இருக்கிறதா பாருங்கள், அதுதான் அவர்கள் முத்திரை. அதையும் அந்தக் காலத்திலேயே போலி அடித்தார்கள் என்பதால் துள்ளிக் குதிக்க வேண்டாம். கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து அப்படியே வையுங்கள், முத்திரை அழிந்தால் அது வெறும் பழைய இரும்பு.

தீட்டத் தெரியாமல் நாலாவது வாங்காதீர்கள்

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் இந்தக் கத்திகளைக் கொடுக்க வேண்டாம். அவர் கைவேலையில் குறை இல்லை, ஆனால் சுழலும் சக்கரம் மெல்லிய அலகைச் சூடாக்கும், விளிம்பு நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் இரண்டு சொரசொரப்பு உள்ள கார்போரண்டம் கல் மலிவாகக் கிடைக்கும், பழக அது போதும், பிறகு 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று. கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. அலகைக் கல்லில் செங்குத்தாக வைத்தால் 90 டிகிரி, அதில் பாதி 45, அதிலும் பாதி 22, அதற்கும் கொஞ்சம் கீழே இறக்கினால் நமக்கு வேண்டிய கோணம். அந்தக் கோணம் கடைசிவரை மாறாமல் இருப்பதுதான் முழு வித்தையும், அழுத்தமோ வேகமோ முக்கியம் இல்லை. ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருங்கள், மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்காக வைத்து வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை பிசிறு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், பிசிறு வருவதற்கு முன்பே திருப்பித் திருப்பித் தேய்த்துவிட்டுக் கல் சரியில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளை ஒரு கையில் பிடித்து மறு கையால் அறுத்தால் கிழியாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் கத்தியை எப்படியும் கீறிவைப்பீர்கள், அதனால் விலை குறைந்ததில் ஆரம்பியுங்கள்.

அச்சில் விட எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

போலீஸ், விமானம்

இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவை அதற்கு விலக்கு. நான் மேலே சொன்னவை எல்லாம் அதில் பாதிகூட இல்லை. அதற்காகக் கோயிலுக்கும் தியேட்டருக்கும் கூட்டத்துக்கும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், சோதனையில் நிற்கும் காவலரிடம் நீங்கள் விதிகளை ஒப்பிக்கப் போவதில்லை. பட்டனை அழுத்தினால் பாய்கிற கத்திப் பக்கமே போக வேண்டாம், சேர்ப்பவர்களுக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, தலைவலி மட்டும் உண்டு. பிரிட்டனில் இருக்கிற நம் ஆட்கள் கவனிக்க: அங்கே காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போகலாம் என்பது 3 அங்குலத்துக்குள் உள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான். ஒப்பினெல் 8 அங்கே வீட்டோடு இருக்க வேண்டும்.

விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் தோள்பையின் உள்ஜிப்பில் கிடந்ததை மறந்துபோய், என் முதல் சுவிஸ் கத்தியை ஒரு விமான நிலையத்தின் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லாக் கத்தியையும் எண்ணுகிறேன், சாவி எண்ணுகிற மாதிரி.

வைப்பதற்குப் பெரிய பெட்டியெல்லாம் வேண்டாம். காட்டன் துணி விரித்த டிராயர், அதில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து, பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் டிராயருக்குப் பூட்டு. மாதம் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துத் திறந்து மூடிப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்தக் கத்தியைக் கீழே வைக்க மனம் வராமல் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்களோ, ஆறாவது கத்தி அந்தப் பூட்டு வகையிலேயே இருக்கட்டும். எனக்கு அது ஒப்பினெல் ஆனது, இப்போது 2 முதல் 12 வரை, நடுவில் 11 இல்லாமல், பத்தும் இருக்கின்றன. அந்த ஏழு கறுப்புக் கத்தியில் நாலை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கையில் கொடுத்தால் உறவு அறும் என்று அம்மா சொன்னதால் மேசையில் வைத்தேன், அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.